கடற்படைப் பயிற்சியில் பாய்மரம் ஏறச் சொல்வார்களாமே, உயரம் என்றால் பயப்படுகிறவர் என்ன செய்வது?

தம்பி கேட்டது இது: கடற்படைக்குத் தேர்வாகியிருக்கிறேன், பயிற்சியில் சில வாரம் பாய்க்கப்பலுக்கு அனுப்புவார்களாம், முப்பது மீட்டர் உயரப் பாய்மரத்தில் ஏற வேண்டுமாம். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். என்னால் முடியுமா? விழுந்தால் என்ன ஆகும்? ஏவுகணைக் கப்பல் காலத்தில் இது எதற்கு?

முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் பயிற்சியாளனாக நானும் ஏறியிருக்கிறேன். பிற்பாடு சில வருடம் பாய்மரத்தின் அடியில் நின்று மற்றவர்களை மேலே அனுப்பும் வேலையும் பார்த்தேன். அப்படிக் கீழே நிற்கும்போது, பயந்தவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கவலை இருக்காது. அவர்கள் ஒரு பிடி உறுதியாகாமல் இன்னொரு பிடியை விட மாட்டார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பக்கத்தில் வருகிறவனோடு பேசிக்கொண்டே ஏறுகிற ஆள் ஒருவர் இருப்பார் பாருங்கள், என் கண் முழுக்க அவர் மேல்தான் இருக்கும்.

முதலில், எதில் ஏறப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாய்மரத்தின் இரண்டு பக்கமும் கப்பலின் ஓரத்திலிருந்து தடித்த எஃகுக் கம்பிகள் மேலே போய் ஓரிடத்தில் சேரும். அவை பாய்மரம் சாயாமல் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள், பெயர் ஷ்ரவுட். அவற்றுக்குக் குறுக்கே ஏணிப்படி போலக் கட்டியிருப்பது ராட்லைன். சில கப்பலில் அது கயிறு, சிலவற்றில் மரக்கட்டை. பாய்மரத்தில் குறுக்காக, சிலுவை போல நிற்கும் நீளமான கம்பங்கள்தான் யார்டு. நம் தோணிக்காரர்கள் பருமல் என்று சொன்னது இதைத்தான். பாய் அதில்தான் தொங்கும். நீங்கள் மேலே போவது காட்சி பார்க்க இல்லை, அந்த யார்டில் பாயை அவிழ்க்கவோ சுருட்டிக் கட்டவோ.

ஏறுவதற்கு முன்னால் செய்கிற வேலை ஐந்து நிமிடம்தான், ஆனால் அதில் ஒன்றைக்கூட விடக் கூடாது. பையில் இருக்கும் சாவி, பேனா, சில்லறை எல்லாம் வெளியே. கண்ணாடி போடுகிறவர் அதைக் கயிறு போட்டுத் தலைக்குப் பின்னால் கட்ட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். கத்தியோ வேறு கருவியோ கொண்டுபோனால் அதன் கயிறு உடம்போடு கட்டியிருக்க வேண்டும். இருபத்தைந்து மீட்டரிலிருந்து விழுகிற சின்ன ஸ்பேனர் கீழே நிற்பவரின் மண்டையைப் பிளந்துவிடும். ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்க உடம்பில் கட்டும் பாதுகாப்பு வார், அதை நீங்கள் பார்த்தால் போதாது, இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், புதியவர்களுக்குத் தோன்றவே தோன்றாத ஒன்று: ரேடார் சுழல்வதும் வானொலி ஆன்டெனா இருப்பதும் மேலேதான். அவற்றை நிறுத்தியாகிவிட்டது என்று சொல்லும்வரை கால் எடுத்து வைக்கக் கூடாது.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஏற வேண்டும். பாய் விரித்த கப்பல் மறுபக்கம் சாய்ந்திருக்கும். அப்போது காற்றுப் பக்கத்து ஷ்ரவுட் சரிவான ஏணி மாதிரி ஆகிவிடும், காற்றும் உங்களை அதன்மேல் அழுத்தும். எதிர்ப்பக்கத்தில் ஏறினால் ஏணி செங்குத்தாகும், சில சமயம் தலைக்கு மேலே வெளிப்புறமாகவும் சாயும், காற்று உங்களைப் பிய்த்துக் கடல் பக்கம் தள்ளும். ஒரே பாய்மரம், ஒரே உயரம். ஆனால் ஒரு பக்கம் படிக்கட்டு, இன்னொரு பக்கம் சுவர்.

கையால் பிடிக்க வேண்டியது நெட்டாகப் போகும் ஷ்ரவுட் கம்பியை. குறுக்கே இருக்கும் ராட்லைனில் கால் மட்டும். இதற்கு இரண்டு காரணம் உண்டு. ராட்லைன் வெயிலிலும் உப்பிலும் இற்றுப்போகும், ஒன்று அறுந்தாலும் கை ஷ்ரவுட்டில் இருந்தால் ஒன்றும் ஆகாது. இன்னொன்று, உங்களுக்கு முன்னால் ஏறுகிறவர் கீழே பார்க்காமல் கால் வைப்பார், ராட்லைனில் விரல் இருந்தால் மிதிபடும். மிதிபட்ட கை அனிச்சையாக விட்டுவிடும். கால் வைக்கும்போதும் நடுவில் வைக்காமல் ஷ்ரவுட்டை ஒட்டி, முடிச்சு இருக்கிற இடத்தில் வையுங்கள்.

மேலே போகப் போக ஷ்ரவுட்கள் நெருங்கி, காலை நுழைக்கவே இடம் குறுகும். அதற்கு மேல் முதல் தட்டு வரும். பாய்மரத்தைச் சுற்றி அமைத்த சின்ன மேடை அது. அதன் ஓரம் உங்கள் தலைக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஷ்ரவுட்டிலிருந்து அந்த ஓரத்துக்கு, வெளிப்புறமாகச் சரிந்த சின்னக் கம்பிகள் போகும். ஃபுட்டாக் ஷ்ரவுட் என்று பெயர். இரண்டு மூன்று படிதான். ஆனால் அந்த இரண்டு மூன்று படியில் உங்கள் முதுகு கடலைப் பார்த்துத் தொங்கும். உங்கள் பயம் முழுவதும் அந்த இடத்தில்தான் வரப்போகிறது, எனக்கும் அங்கேதான் வந்தது.

முதல் நாள் அங்கே நின்றுவிட்டேன். கை பிடித்திருந்தது, கண் திறந்திருந்தது, முழங்கால் மட்டும் தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்த நினைக்க நினைக்க அதிகமானது. கீழே நின்ற மாலுமி ஒருவர், வயதில் பெரியவர், கத்தவில்லை. "குதிகாலை இறக்குடா" என்று மட்டும் சொன்னார். இறக்கினேன், ஆட்டம் நின்றது. மாயம் ஒன்றுமில்லை. பயத்தில் நுனிக்காலில் நிற்கிறோம், கெண்டைக்கால் தசை அந்த எடையைத் தாங்க முடியாமல் துடிக்கிறது. பாதத்தின் நடுப்பகுதியை ராட்லைனில் வைத்துக் குதிகாலை இறக்கினால் எடை எலும்புக்குப் போய்விடும். உடம்பு நடுங்குவதைப் பார்த்துத்தான் மனசு மேலும் பயப்படுகிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் எத்தனையோ பேருக்கு அதே இரண்டு சொல்லை நான் கத்தியிருக்கிறேன்.

ஃபுட்டாக்கைத் தாண்டும் வழி: கையை எவ்வளவு உயரத்தில் பிடிக்க முடியுமோ அங்கே பிடியுங்கள், இடுப்பைக் கம்பியோடு ஒட்டுங்கள், காலால் உந்துங்கள். பயந்தவர் செய்வது நேர் எதிர். முழங்கையை மடக்கி, கையால் உடம்பைத் தூக்கப் பார்ப்பார். முன்கை தசை ஒரு நிமிடத்தில் கல்லாகிவிடும், அப்புறம் விரல் மூடாது. கை நீட்டி இருந்தால் தசைக்கு வேலை குறைவு. நல்ல உடற்கட்டு உள்ள பையன்கள் கையை நம்பி அங்கே மாட்டிக்கொள்வதையும், ஒல்லியான பெண்கள் காலை நம்பி அலட்டாமல் தாண்டிப்போவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். பல கப்பல்களில் மேடையை ஒட்டி உள்பக்கமாக ஒரு துளை இருக்கும், அதன் வழியாக நிமிர்ந்தே மேலே போகலாம். அந்தக் காலத்து மாலுமிகள் அந்த வழியில் போகிறவனைக் கேலி செய்வார்களாம். கேலியைக் கண்டுகொள்ளாதீர்கள். அனுமதி இருந்தால் முதல் நாள் அந்த வழியாகவே போங்கள்.

மேடையில் ஏறியதும் மூச்சு வாங்கலாம். உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான், யார்டுக்குப் போவது. யார்டுக்குக் கீழே ஒரு கம்பி தொங்கும், ஃபுட்ரோப். அதில் கால் வைத்து, வயிற்றை யார்டின் மேல் சாய்த்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்தக் கம்பியில் நான்கு பேர் நிற்பார்கள். ஐந்தாவது ஆள் சொல்லாமல் ஏறினால் எல்லோருடைய காலடியும் ஒரே நொடியில் மாறும். கனமான ஆள் பக்கத்தில் ஏறினால் குள்ளமானவர் திடீரென்று மேலே தூக்கப்படுவார். அதனால்தான் ஃபுட்ரோப்பில் கால் வைக்கும் முன் சத்தமாகச் சொல்ல வேண்டும், அங்கே நிற்பவர்கள் கேட்டது என்று பதில் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கால். இறங்கும்போதும் அப்படியே. கடற்படையில் சத்தம் போடச் சொல்லிக்கொடுப்பது மிடுக்குக்காக என்று நினைத்திருந்தேன். யார்டில் அது உயிர்.

யார்டின் மேற்புறத்தில் இரும்புத் தண்டு ஒன்று நீளமாக ஓடும். பாயைக் கட்டுவது அதில்தான். நம் ஹார்னஸ் கொக்கியை அதிலோ அதை ஒட்டிய பாதுகாப்புக் கம்பியிலோ மாட்டுவோம். கப்பலுக்குக் கப்பல் முறை வேறு. சிலவற்றில் ஷ்ரவுட்டில் ஏறும்போது கொக்கி கிடையாது, நின்று வேலை செய்யும்போது மட்டும். சிலவற்றில் இரண்டு கொக்கி, ஒன்றைக் கழற்றும் முன் மற்றது மாட்டியிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும். வேகம் குறையும் என்று சொல்வார்கள். குறையட்டுமே.

"ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு" என்பது பாய்க்கப்பல் மாலுமிகளின் பழைய விதி. ஷ்ரவுட்டில் அது நூற்றுக்கு நூறு சரி. யார்டில் பாய் சுருட்டும்போது அது நடக்காது, நடப்பதாக யாராவது சொன்னால் அவர் ஈரப் பாயைத் தொட்டதில்லை என்று அர்த்தம். நனைந்த பாய் தகரம் மாதிரி விறைக்கும். அதை மடிப்பு மடிப்பாக மேலே இழுத்து, இழுத்த மடிப்பை வயிற்றுக்கும் யார்டுக்கும் நடுவில் அமுக்கிக்கொண்டு, அடுத்ததற்குக் குனிய வேண்டும். இரண்டு கையும் வேண்டும், பக்கத்தில் இருப்பவரின் இரண்டு கையும் வேண்டும். ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே இழுப்பு. அப்போது உங்களைத் தாங்குவது வயிறும் காலும் கொக்கியும்தான். முதல் தடவை இதைச் செய்து முடித்து நிமிர்ந்தபோது, கடந்த இருபது நிமிடம் பயப்படவே மறந்திருந்தேன் என்று தெரிந்தது. நகம் ஒன்று பிய்ந்திருந்தது, அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

கப்பல் ஆடும்போது மேலே எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு எளிது. கப்பல் பத்து டிகிரி சாய்ந்தால், முப்பது மீட்டர் உயரத்தில் இருப்பவர் சுமார் ஐந்து மீட்டர் பக்கவாட்டில் போவார். மறுபக்கம் இன்னொரு ஐந்து. ஆக ஓர் ஆட்டத்துக்குப் பத்து மீட்டர் ஊஞ்சல். கீழே தளத்தில் நிற்பவருக்குத் தேநீர்க் கோப்பை நகர்ந்த மாதிரி இருக்கும், மேலே இருப்பவருக்கு வானம் இடம் மாறும். அதனால் நகரும் நேரம் முக்கியம். ஆட்டம் உங்களைக் கம்பியோடு சேர்த்து அழுத்தும்போது ஏறுங்கள், பிய்க்கப் பார்க்கும்போது அணைத்துக்கொண்டு நில்லுங்கள். இதில் ஒரு வேடிக்கை: பாய் இறக்கி எஞ்சினில் போகும்போது கப்பல் அதிகம் உருளும். பாய் விரித்து நல்ல காற்றில் போகும்போது காற்றே கப்பலை ஒரு பக்கமாகப் பிடித்துவைக்கும், ஆட்டம் குறையும். காற்று அடிக்கிறதே என்று பயந்து, காற்றில்லாத நாளில் ஏற ஆசைப்படாதீர்கள். அலை மட்டும் மிச்சமிருக்கும் நாள்தான் மோசம்.

சரி, விழுந்தால்? முப்பது மீட்டரிலிருந்து தளத்துக்கு இரண்டரை நொடி. பிழைப்பது அரிது, பூசி மெழுகுவதற்கு ஒன்றுமில்லை. ஹார்னஸ் இருக்கிறதே என்றால், அது கொக்கி மாட்டியிருந்தால்தான் ஹார்னஸ், இல்லாவிட்டால் வெறும் வார். கொக்கி பிடித்துத் தொங்கினாலும் கதை முடியவில்லை. அசையாமல் தொங்குபவருக்கு ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், நிமிடக் கணக்கில் இறக்கியாக வேண்டும். உங்கள் கப்பலில் தொங்குபவரை இறக்கும் ஒத்திகை நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கப்பலில் அந்தக் கேள்வியை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் இருந்த ஒரு கப்பலில் அந்த ஒத்திகை காகிதத்தில் மட்டும் இருந்தது. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

விபத்துகளைப் பார்த்தால் ஒன்று புரியும். ஜெர்மன் கடற்படையின் கோர்ச் ஃபோக் பயிற்சிக் கப்பலில் 2010 நவம்பரில் 25 வயதுப் பயிற்சி அதிகாரி ஒருவர் மேலிருந்து விழுந்து இறந்தார். அப்போது கப்பல் புயலில் இல்லை. பிரேசிலின் சால்வடோர் துறைமுகத்தில் இருந்தது. அந்தப் பயணத்தின் பயிற்சியே நிறுத்தப்பட்டது, நாடாளுமன்றம் வரை விவாதம் போனது. 2025 மே 17 அன்று மெக்ஸிகோ கடற்படையின் குவாத்தேமோக் கப்பல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டபோது, மரியாதைக்காகப் பயிற்சியாளர்கள் யார்டுகளில் வரிசையாக நின்றிருந்தார்கள். கப்பல் கட்டுப்பாடு இழந்து புரூக்ளின் பாலத்தில் மோதி, பாய்மரங்களின் மேல்பகுதிகள் முறிந்தன. இரண்டு பேர் இறந்தார்கள். பலர் ஹார்னஸில் தொங்கியபடி இருந்த காட்சியை உலகமே பார்த்தது, அந்த வார் இல்லாவிட்டால் எண்ணிக்கை இரண்டோடு நின்றிருக்காது. இரண்டுமே துறைமுகத்து விபத்துகள். நடுக்கடலில் அலை அடிக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, பயத்தைப் போக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். ஃபுட்டாக்கில் வருகிற பயம் இயற்கையானது, ஆனால் அங்கே நீங்கள் முழுக் கவனத்தில் இருக்கிறீர்கள். பயப்பட வேண்டிய நேரங்கள் வேறு: வேலை முடிந்து இறங்கும்போது, பசியும் தூக்கமும் இருக்கும்போது, கொக்கியைக் கழற்றி மாட்டும் அந்த ஒரு நொடியில், ஒரு வாரம் கழித்து எல்லாம் பழகிவிட்டது என்று தோன்றும் அன்றைக்கு. இறங்கும்போது தளத்துக்கு இரண்டு மீட்டர் இருக்கையில் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். கணுக்கால் உடைந்தவர்களில் எனக்குத் தெரிந்த பலர் அந்த இரண்டு மீட்டர் ஆட்கள்தான்.

இனி, இது எதற்கு என்ற கேள்வி. இது புதிய கேள்வி இல்லை. பிரிட்டிஷ் கடற்படையின் யூரிடிசி என்ற பயிற்சிக் கப்பல் 1878-இல் வைட் தீவுக்கு அருகே திடீர்ப் புயலில் மூழ்கி முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு வருடத்தில் அட்டலாண்டா என்ற இன்னொரு பயிற்சிக் கப்பல் பெர்முடாவிலிருந்து கிளம்பி 281 பேரோடு காணாமலே போனது. நீராவிக் கப்பல் வந்துவிட்டதே, பையன்களை இன்னும் பாய்மரத்தில் ஏற்றுவது ஏன் என்று அன்றைக்கே சண்டை நடந்தது. இருந்தும் பழக்கம் போகவில்லை. இங்கிலாந்தின் ஷாட்லியில் எச்.எம்.எஸ். கேஞ்சஸ் என்று சிறுவர்களுக்கான கடற்படைப் பயிற்சி நிலையம் 1976 வரை இருந்தது. அங்கே தரையிலேயே சுமார் 43 மீட்டர் உயரப் பாய்மரம் நட்டிருந்தார்கள். விழா நாளில் பையன்கள் அதில் அடுக்கடுக்காக நிற்க, ஒருவன் மட்டும் உச்சியில் இருந்த சின்ன வட்டத் தொப்பியின் மேல் ஏறி நிமிர்ந்து நிற்பான். பார்க்க அற்புதம்தான். ஆனால் என் கருத்தில் அது பயிற்சி இல்லை, காட்சி. மேலே போனவனுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை.

வேலை இருக்கிற பாய்மரம் வேறு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஈகிள் 1936-இல் ஜெர்மனியில் கட்டிய கப்பல், போருக்குப் பின் கைமாறியது. இத்தாலியின் அமெரிகோ வெஸ்பூச்சி 1931-ஆம் வருடத்தது, இன்னும் ஓடுகிறது. இந்தியக் கடற்படை இதைப் பழம்பெருமைக்காக வைத்துக்கொள்ளவில்லை, புதிதாகவே கட்டியது: தரங்கிணி 1997-இல் சேவைக்கு வந்தது, சுதர்சினி 2012-இல். இரண்டும் மூன்று பாய்மரக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் இருபது பாய். தரங்கிணி 2003-04-இல் உலகையே சுற்றி வந்தது. ஏவுகணைக் கப்பலில் காற்று என்பது திரையில் ஓர் எண். யார்டில் நிற்பவருக்கு அது முதுகில் அடிக்கும், பத்து நிமிடத்தில் மாறப்போகிறது என்று தோலுக்குத் தெரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து பேர் சேர்ந்து ஒரு பாயைச் சுருட்டும்போது, எவர் உண்மையில் இழுக்கிறார், எவர் இழுப்பது போல முகம் வைக்கிறார் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வகுப்பறையில் அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆகும். சிலர் இந்தப் பலன்களை ஆபத்தில்லாத வேறு வழியில் அடையலாமே என்பார்கள். அடையலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கிளம்பும் முன் என்ன பயிற்சி செய்யலாம் என்றால், புல்-அப்பை விட உட்கார்ந்து எழுவது பலன் தரும், காலில்தான் ஏறப்போகிறீர்கள். கம்பியில் கை நீட்டித் தொங்கப் பழகுங்கள், விரலுக்கு நல்லது. முதல் வாரத்தில் தினமும் கொஞ்சம் ஏறி இறங்குங்கள், ஒரே நாளில் உச்சி வரை போக வேண்டாம். நேற்று நின்ற இடத்துக்கு மேலே இரண்டு படி போதும். கீழே பார்க்கக் கூடாது என்று சொல்வார்கள், அதை நான் நம்புவதில்லை. மேடையில் கொக்கி மாட்டிக்கொண்டு நிதானமாகக் கீழே பாருங்கள், கண்ணுக்கும் பழக வேண்டும். அப்படியே தூரத்தையும் பாருங்கள். தளத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் முடிகிற தொடுவானம், முப்பது மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டருக்குப் போய்விடும்.

எல்லாம் செய்தும் ஏற முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதுவும் ஏறுவதற்கு முன்னால். பாதி உயரத்தில் உறைந்துபோனவரை இறக்க இரண்டு பேர் ஏற வேண்டியிருக்கும், அவர்களுக்கும் அது ஆபத்து. பயிற்சிக் கப்பலில் யார்டில் நிற்பவர்களுக்குச் சமமாகத் தளத்தில் கயிறு இழுக்க ஆள் வேண்டும். கீழே ஒருவர் தவறான கயிற்றைத் தளர்த்தினால், மேலே இருப்பவர்களின் வயிற்றுக்குக் கீழே பாய் திமிறிக்கொண்டு எழும். எங்கள் தொகுப்பில் ஒருவர் கடைசி வரை முதல் மேடையைத் தாண்டவில்லை. நள்ளிரவில் டார்ச் இல்லாமல் எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்று தொட்டே சொல்வார். மழை இரவில் நாங்கள் மேலே போகும்போது, கீழே அவர் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவோம்.